ஷூ ஆர்டர் ஷீட்டில் மாட்டுத் தீவனம் எங்கிருந்து வந்தது?

பாலாற்றங்கரை:
ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு வரும் ஜெர்மன் ஆர்டர் ஷீட்டைப் போனில் மொழிபெயர்த்தால் ‘ஃபுட்டர்’ என்ற கட்டத்துக்குத் தீவனம் என்று காட்டுகிறது. ‘அப்ஸாட்ஸ்’ ஒரு தடவை பத்தி ஆகிறது, ஒரு தடவை விற்பனை ஆகிறது. திக்னஸ் கட்டத்தில் 1,2 - 1,4 என்று கமா. இத்தாலி, பிரெஞ்சு ஷீட்டுகளிலும் குழப்பம்தான். இதையெல்லாம் எப்படிப் படிப்பது? எழுத்தைப் பார்த்து உச்சரிக்க வழி உண்டா?

தோல்மண்டி:
ஃபுட்டர் என்றால் தீவனமும்தான், லைனிங்கும்தான். எழுத்து ஒன்று, சொல் இரண்டு. பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள். ‘ஓபர்லேடர்’ (அப்பர் தோல்), ‘ஸோலெ’ (சோல்) இருந்தால் அது லைனிங். அப்ஸாட்ஸ் நம் ‘படி’ மாதிரி. மாடிக்கும் படி, அரிசி அளக்கவும் படி, பாடத்தையும் படி. ஷூவில் அது ஹீல், கடிதத்தில் பத்தி, கணக்கில் விற்பனை.

‘வில்ட்லேடர்’ என்று வந்தால் காட்டு விலங்கின் தோலைத் தேட வேண்டாம், கேட்பது ஸ்வேடு (வெல்வெட் போல் மென்மயிர் எழுப்பிய தோல்). அந்த ஸ்வேடு என்ற பெயரே பிரெஞ்சில் சுவீடன் நாட்டின் பெயர். சுவீடன் கையுறை என்று சொல்லிச் சொல்லித் தோலுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கையுறைக்கு ஜெர்மனில் ‘ஹாண்ட்ஷூ’, கைக்குப் போடுகிற ஷூ!

இத்தாலிக்காரர் தோலை ‘மோர்பிதோ’ என்று எழுதினால் பயப்படாதீர்கள். ஆங்கிலத்தில் அதே சாயலில் உள்ள சொல் நோய், சாவு சம்பந்தப்பட்டது. இவர் சொல்வது தோல் மெத்தென்று இருக்கிறது என்பதை. ‘கால்தோ’ என்றால் சூடு. ஆங்கில ‘கோல்டு’ சாயலில் இருப்பதால் குளிர் என்று நினைத்து விடுவார்கள்.

காட்பாடி சந்திப்பு:
சொல்லை விட எண்தான் ஆபத்து. ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் மூன்றிலும் கமாதான் தசமப் புள்ளி. 1,2 - 1,4 என்றால் 1.2 முதல் 1.4 மி.மீ. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். ஆகவே 1.200 ஜோடி என்றால் ஆயிரத்து இருநூறு. நாம் இங்கிருந்து 2,500 சதுர அடி என்று அனுப்பினால் அங்கே இரண்டரை அடி என்று படிக்க இடமிருக்கிறது. 1,20,000 என்ற நம் லட்சக் கமா அவர்களுக்குச் சுத்தமாகப் புரியாது. எண்ணுக்குள் எந்தக் குறியும் வேண்டாம், 120000 என்றே எழுதுங்கள்.

போனில் சைஸ் கேட்டால் இன்னும் கவனம். ஜெர்மனில் 42 என்பது ‘இரண்டும் நாற்பதும்’. காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 24. ஐரோப்பிய சைஸ் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் இரண்டு செ.மீ. கணக்கு, அதாவது 42க்கு லாஸ்ட் (ஷூ செய்யும் கால் அச்சு) நீளம் 28 செ.மீ., 24க்கு 16. பெரியவர் ஷூ குழந்தை ஷூ ஆகிவிடும்! ‘ட்ஸ்வை’ (2), ‘ட்ரை’ (3) இரண்டும் போனில் ஒரே மாதிரி கேட்பதால் அவர்களே 2ஐ ‘ட்ஸ்வோ’ என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம்.

பிரெஞ்சில் 92 என்பது ‘நாலு இருபது பன்னிரண்டு’. சிரிக்க வேண்டாம், நம் தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் உட்கார்ந்திருக்கின்றன.

ஜெர்மன்காரர் மீட்டிங் ‘ஹால்ப் ட்ரை’ (அரை மூன்று) என்றால் இரண்டரை மணி. மூன்றரை அல்ல.

கோட்டை அகழி:
உச்சரிப்புக்கு வழி உண்டு. முதலில் எந்த மொழி என்று பாருங்கள், பிறகு வாயைத் திறங்கள். ஜெர்மனில் ஐ-ஈ (ie) சேர்ந்தால் ‘ஈ’, ஈ-ஐ (ei) சேர்ந்தால் ‘ஐ’. இரண்டாவது எழுத்தின் ஆங்கிலப் பெயர்தான் ஒலி. டபிள்யூவுக்கு வ, வீ எழுத்துக்குப் பெரும்பாலும் ஃப. அதனால்தான் வோக்ஸ்வேகன் கார் அங்கே ஃபோல்க்ஸ்வாகன். சீ-ஹெச் (ch) சேர்ந்தால் இத்தாலியில் க், பிரெஞ்சில் ஷ், ஸ்பானிஷில் ச்.

இத்தாலிய இரட்டை மெய் நமக்கு வெல்லம். ‘பாலா’ மண்வெட்டி, ‘பால்லா’ பந்து. பாடு, பாட்டு வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது கஷ்டமே இல்லை.

பிரெஞ்சில் கடைசி மெய்யெழுத்தைப் பல இடங்களில் விழுங்கிவிடுவார்கள். பச்சை, கண்ணாடி, புழு மூன்றுக்கும் எழுத்து வேறு வேறு, ஒலி மட்டும் ஒன்றே: ‘வேர்’. கலரைப் போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஷேட் கார்டு நம்பர் வாங்குங்கள்.

பாலாற்றங்கரை:
நன்றி சார். இலங்கைத் தமிழர்கள் ஷூவைச் சப்பாத்து என்கிறார்களே, அதுவும் இந்த வழிதானா?

கோட்டை அகழி:
ஆமாம், போர்த்துகீசிய ‘ஸபாத்து’. இத்தாலியில் ‘சபாத்தா’ வீட்டுச் செருப்பு. அதே மாதிரி தட்டையாக இருக்கும் ரொட்டிக்கும் அதே பெயர். நம் சாவியும் போர்த்துகீசியம்தான். இன்று லிஸ்பனில் அதை ‘ஷாவ்’ என்பார்கள். அவர்கள் இங்கே வந்த காலத்தில் அந்த இடத்தில் ‘ச்’ ஒலி இருந்தது, வட போர்த்துகலில் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. லிஸ்பனில் போன ஒலியின் தடம் நம் சாவியின் ‘ச’ எழுத்தில் நிற்கிறது.