வரவேற்பறையில் ஆப்டிகல் ஆர்ட் பிரிண்ட் மாட்டலாமா? தினமும் பார்த்தால் கண் தாங்குமா?

வெள்ளைச்சுவர் எழுதியது:

புது வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. சோபாவுக்கு எதிர்ச்சுவர் இன்னும் மொட்டையாகவே நிற்கிறது. அசையாத கோடும் கட்டமும் அசைவதுபோல் கண்ணை மயக்குகிற ஓவியவகைதான் ஆப்டிகல் ஆர்ட். அந்த வகையில் பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961இல் வரைந்த 'மூவ்மெண்ட் இன் ஸ்கொயர்ஸ்' படத்தைப் பார்த்த நாளிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான். நடுவைத் தாண்டியதும் கட்டங்கள் ஒடுங்கி ஒடுங்கி, சுவரே உள்ளே மடிவதுபோல் தெரிகிறது. அதை ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஆசை.

கைப்பேசியில் பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் தினமும் அதன் எதிரே உட்கார முடியுமா என்று பயமாகவும் இருக்கிறது. என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி வேறு உண்டு. வீட்டில் மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஃப்ரேமுக்குக் கண்ணாடி போடலாமா, என்ன அளவில் எடுக்கலாம் என்பதும் தெரிய வேண்டும்.

நீலத்தூரிகை எழுதியது:

ஒருமுறை இதே வகையில் வரைந்த ஓவியர் விக்டர் வசரேலியின் 'வேகா' வரிசைப் படங்களையும் பாருங்கள். அவற்றில் கட்டமும் வட்டமும் ஊதிப் பெருத்துக் கோளமாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். நெருக்கமான கோடுகளைப்போல் கண்ணைப் பறிப்பதில்லை. எங்கள் வீட்டில் வண்ணத்தில் ஒன்று இருக்கிறது, யாருக்கும் தலை சுற்றியதில்லை.

மேற்குச்சன்னல் எழுதியது:

ஆறு வருடமாக இப்படி ஒரு படத்தோடு வாழ்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நான் வாங்கியது மெல்லிய கறுப்புக் கோடுகள் அலையலையாக ஓடும் ஒரு பிரிண்ட். நான் படிக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினேன். புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தும்போதெல்லாம் சுவர் நெளிந்தது. மூன்றே வாரத்தில் கழற்றிவிட்டேன். படத்தின் மேல் தவறில்லை, நான் மாட்டிய இடம்தான் தவறு. அதே படம் இப்போது நடைவழியின் கோடியில் தொங்குகிறது. அதை நோக்கி நடக்க நடக்க அலை மாறிக்கொண்டே வரும். அந்தப் பத்தடி தூரத்துக்காகவே நான் அந்த வழியாகப் போவதுண்டு.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து ஒரு ஜோடி. பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் (டிகிரிக்குள்) ஏறக்குறைய 3 ஜோடிக் கோடுகள் அடங்கும்போதுதான் கண் அதிகம் அவதிப்படுகிறது என்று பார்வை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பாகை என்பது சுவரில் சுமார் 3.5 செ.மீ. அப்படியென்றால் ஒரு ஜோடி 1.2 செ.மீ. அகலத்தை ஒட்டி வரும் படத்தை அந்தத் தூரத்தில் மாட்டாதீர்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொந்தரவு கூடுதலாக இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே மாட்டாதீர்கள், சிலருக்கு இத்தகைய கோடுகளே வலிப்பைத் தூண்டிவிடும்.

கட்டங்கள் கோடுகளைவிடச் சாது. ஆனால் நீங்கள் கேட்கும் படத்தில் ஒடுங்குகிற இடத்தில் கட்டமே கோடு மாதிரி ஆகிவிடுகிறது. மூலப்படம் கிட்டத்தட்ட 120 செ.மீ. சதுரம். பாதி அளவில் எடுத்தால் அது பார்வையில் அடைக்கும் இடம் குறையும், அது நல்லதுதான். ஆனால் கோடுகளும் பாதியாக நெருங்கிவிடும். அதனால் அளவையும் தூரத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

அடுத்து, விளிம்பு. இந்தக் கலைக்கு உயிரே அதுதான். நான் இணையத்தில் வாங்கிய முதல் பிரிண்ட்டில் சிறிய டிஜிட்டல் படக்கோப்பைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கசிவு. அப்படி இருந்தால் படம் அசையாது, சும்மா அழுக்காகத்தான் தெரியும். வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் (வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிப்பது) கிடைத்தால் விடாதீர்கள், கறுப்பு அடர்த்தியாக, பளபளப்பில்லாமல் நிற்கும்.

கண்ணாடி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி தன் இரு பரப்பிலுமாக 8 சதவீதம் வரை ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பகுதியில் உங்கள் சன்னலும் விளக்கும் தெரிய ஆரம்பித்தால் மாயம் போச்சு. சொரசொரப்பான மேட் கண்ணாடியும் ஆகாது, அது விளிம்பை மங்கலாக்கிவிடும். எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். கலைஞரின் அனுமதியோடு அச்சான பிரதியையே வாங்குங்கள். 1965இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' என்ற கண்காட்சி நடத்தியது. அதற்காக அங்கே போன ரைலி, தன் ஓவியங்களின் வடிவங்கள் கடைகளில் உடைகளாகத் தொங்குவதைப் பார்த்து மனம் நொந்துபோனார். ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் எண்ணி எண்ணி முடிவு செய்தவருக்கு அது எப்படி வலித்திருக்கும்!

வெள்ளைச்சுவர் எழுதியது:

மிக்க நன்றி. வாங்குவதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

மேற்குச்சன்னல் எழுதியது:

உண்டு. படத்தின் நெருக்கமான பகுதியை ஒத்த அகலத்தில் கோடுகள் போட்டு, ஏ4 தாள்களில் நிஜ அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்து நாள் அப்படியே விடுங்கள். முக்கியமாக இரவில், விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முடிவை உங்கள் மனைவி சொல்லட்டும்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன். தாள்களைச் சோபாவுக்கு எதிரே ஒட்டினோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மாலையில் மனைவி, "டிவி பார்க்கும்போது ஓரத்தில் ஏதோ துடித்துக்கொண்டே இருக்கிறது" என்றாள். உடனே எடுத்துவிட்டேன். பிறகு உள்ளறைக்குத் திரும்பும் சுவரில் ஒட்டினோம். அங்கே யாரும் உட்காருவதில்லை, கடந்து போவதோடு சரி. அங்கு அவளுக்கும் பிடித்துவிட்டது. நேற்று அவளே அதன் முன்னால் நின்று, முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

60 செ.மீ. அளவில் சொல்லிவிட்டோம். ஃப்ரேம் மட்டும் பாக்கி. கறுப்பா, வெளிர் மரமா?

மேற்குச்சன்னல் எழுதியது:

வெளிர் மரம். கறுப்புச் சட்டம் ஓரத்துக் கறுப்புக் கட்டங்களோடு ஒட்டிக்கொண்டு படத்தின் எல்லையைத் தின்றுவிடும். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை மவுண்ட் அட்டை விடச் சொல்லுங்கள். கண் வந்து இளைப்பாற ஓர் இடம் வேண்டும்.