நாசரேத்திலிருந்து கப்பர்நகூம் வரை நடக்க ஆலோசனை வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் எருசலேமில் படிக்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் நண்பர்களோடு நாசரேத்திலிருந்து கானா, ஹத்தின் குன்று, ஆர்பேல் மலை வழியாகக் கப்பர்நகூமுக்கு நடக்கப் போகிறோம். சுமார் 65 கி.மீ.; வழக்கமாக 4 நாளில் முடிப்பார்கள். ஆண்டவர் நடமாடிய கலிலேயாவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப மனசில்லை.

பயமெல்லாம் ஆர்பேல் இறக்கம்தான். செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்து இறங்கணும், முதுகில் பை வேறு. கூட வரும் தங்கச்சிக்கு உயரம் என்றாலே கால் நடுங்கும். சுற்றிப் போக வேறு பாதை இருக்கிறதா? கானாவில் குறைந்த செலவில் இரவு எங்கே தங்கலாம்? வழியில் தண்ணீர் எங்கெல்லாம் நிரப்பலாம்? நடந்து வந்த அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையை நாசரேத்தில் முடித்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கிளம்பலாம் என்றிருக்கிறோம்.