சாலட் பார் இருக்கற ரெஸ்டாரன்ட்ல முட்டை கூட சாப்பிடாதவங்க என்ன எடுத்துக்கலாம்?

பச்சைமிளகாய்:
ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஒரு செயின் ரெஸ்டாரன்டுக்கு போறோம், நடுவுல பெருசா சாலட் பார், அதாவது காய், சாலட் எல்லாம் நாமளே எடுத்துக்கற மேசை வெச்சிருப்பாங்கள்ல அந்த மாதிரி. மத்தவங்க ஸ்டேக்கு கீக்குன்னு இறங்கிடுவாங்க, நான் முட்டை கூட தொட மாட்டேன், அதனால சாலட் பார் மட்டும் வாங்கிக்கலாம்னு இருக்கேன். அப்படி தனியா குடுப்பாங்களா? திறந்தே கிடக்கற காய், ஆளாளுக்கு அதே கரண்டிய பிடிக்கறாங்க, அது வேற யோசனையா இருக்கு.

பந்திக்கு_முந்தி:
பெரும்பாலும் தனியாவே குடுப்பாங்க, மெயின் டிஷ்ஷோட சேத்து வாங்கினா விலை கம்மியா வரும் அவ்ளோதான். அன்லிமிடெட்னா உங்க ஒருத்தருக்கு மட்டும், பக்கத்துல இருக்கறவரு உங்க தட்டுல கை வெச்சா சர்வர் முறைப்பாரு, பார்சலும் பொதுவா கிடையாது. உங்களுக்கு வில்லன் காய்கறி இல்லங்க, மேல ஊத்திக்கற டிரெஸ்ஸிங்தான். சீசர் டிரெஸ்ஸிங்ல ஆன்சோவின்னு ஒரு சின்ன மீனும் முட்டை மஞ்சக்கருவும் போடுவாங்க, ரான்ச், தவுசண்ட் ஐலண்ட் எல்லாம் வழக்கமா மயோனைஸ் அதாவது முட்டை, உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா, பாஸ்தா சாலட்னு வெள்ளையா குழைஞ்சு இருக்கறது எல்லாத்துலயும் அதே மயோனைஸ்தான் இருக்கும். ஆடிக்கிட்டு இருக்கற ஜெல்லில ஜெலட்டின், அது மாட்டு, பன்னி எலும்பு தோல்ல இருந்து எடுக்கறது. காய்கறி சூப்னு எழுதியிருந்தாலும் சிக்கன் ஸ்டாக்ல, அதாவது கோழி வேகவெச்ச தண்ணில செஞ்சிருக்கலாம், வாய விட்டு கேளுங்க. எண்ணெயும் வினிகரும் தனித்தனி பாட்டில்ல இருக்கும், அத ஊத்திக்கங்க. பேக்கன் பிட்ஸ்னு பன்னிக்கறி துணுக்கு மாதிரி வெச்சிருப்பாங்க, அதுல ஒரு காமெடி இருக்கு, சில பிராண்டு வெறும் சோயா மாவு, கறியே கிடையாது, ஆனா எது எதுன்னு பாத்து தெரியாது, விட்டுடுங்க.

சமையல்கட்டு:
சுத்தம் பத்தி கேட்டீங்கள்ல. அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, அதோட ஃபுட் கோடுங்கற உணவு விதிமுறை படி குளிர்ச்சியா வைக்கறது 5 டிகிரி செல்சியஸ் இல்ல அதுக்கு கீழ, சூப் மாதிரி சூடா வைக்கறது 57க்கு மேல இருக்கணும். ஐஸ் உருகி தண்ணியா நிக்குதா, கீரை ஓரம் பழுப்பா இருக்கான்னு பாருங்க. காலி ஆகற பாத்திரத்த அப்படியே எடுத்துட்டு புதுசு வெக்கறாங்களா இல்ல பழசு மேலயே கொட்டறாங்களா, நான் இதத்தான் மொதல்ல பாப்பேன், மேலயே கொட்டினா அடியில கிடக்கறது எப்ப வந்ததுன்னு யாருக்குமே தெரியாது. ரெண்டாவது ரவுண்டுக்கு புது தட்டு எடுக்கணும், அது மரியாதைக்காக இல்ல, ரூலே அதுதான், சாப்பிட்ட தட்டுல கரண்டி பட்டா எச்சி எல்லாருக்கும் போகும். கூட்டமான நேரமா பாத்து போங்க, வெச்சது உடனே காலியாகும்.

சும்மா_படிக்கறவன்:
1984ல அமெரிக்கால ஓரிகன் மாநிலம் தி டேல்ஸ் ஊர்ல சாலட் பார்ல சாப்பிட்டு 751 பேருக்கு சால்மொனெல்லாங்கற கிருமியால வயித்துக்கோளாறு வந்துச்சே, அதுக்கப்புறமுமா?

சமையல்கட்டு:
அது ரஜனீஷ், அதான் ஓஷோ சாமியாரு, அவரோட ஆசிரமத்து ஆளுங்க உள்ளூர் தேர்தலுக்காக வேணும்னே கிருமி கலந்தது, அத வெச்சு எல்லா சாலட் பாரையும் பயந்தா எங்கயுமே சாப்பிட முடியாது சார். கண்ணாடி தடுப்பு இருக்கே, அது தும்மல் விழாம இருக்கத்தான், தும்மல் பிடிக்காத ஒரு ஹோட்டல்காரரே 1959ல பேட்டன்ட் வாங்கினது.

பச்சைமிளகாய்:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்ப கொண்டக்கடலை, பீன்ஸ், எண்ணெய், வினிகர். க்ரூட்டான், அந்த மொறுமொறு ரொட்டித் துண்டு, போட்டுக்கலாம்ல?

பந்திக்கு_முந்தி:
போடலாம், வெண்ணெய் சீஸ் ஓகேன்னா. பீட்ரூட்ட மட்டும் கடைசியா ஓரமா வைங்க, இல்லேன்னா தட்டு முழுக்க சிவப்புதான்.