குந்துவது, சம்மணம், முட்டி போடுவது: ஆங்கிலத்தில் இவற்றோடு உங்கள் அனுபவம் என்ன?

மஞ்சக்குப்பம், கடலூர்:

என் அத்தைக்குப் புதுச்சேரியில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். தவிர்க்க வேண்டியவை என்று அதில் மூன்று இருந்தன: ஸ்குவாட்டிங், நீலிங், கிராஸ்-லெக்டு சிட்டிங். அத்தையின் மகன் ஜிம்முக்குப் போகிறவன். அவனுக்குத் தெரிந்த ஸ்குவாட், தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழும் உடற்பயிற்சி. "அம்மா, எக்சர்சைஸ் வேணாம்னு போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டான். அத்தையும் காலை நீட்டி மடக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டார். கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, குந்தி உட்காரும் பழைய கழிப்பறைக்கே போக ஆரம்பித்தார். எதைச் செய்யக் கூடாதோ அதைச் செய்தார், எதைச் செய்ய வேண்டுமோ அதை விட்டார்.

மூட்டு இறுகிக் காலை முழுதாக நீட்ட முடியாமல் போன பிறகுதான் திரும்ப ஓடினோம். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் நம்ம ஊர்ப் பெண். தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குந்தக் கூடாது, முட்டி போடக் கூடாது, சம்மணம் போடக் கூடாதும்மா. பயிற்சி மட்டும் ஒருநாளும் விடக் கூடாது." அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது. இதைத் தமிழிலும் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்? எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். பாதிப் பேர் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்கள். அத்தை விஷயத்துக்கு அப்புறம் இந்தச் சொற்களை உடம்பால் செய்துகாட்டித்தான் நடத்துகிறேன். அகராதியை மட்டும் நம்பினால் ஸ்குவாட், கிரவுச் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஸ்குவாட்டில் உடம்பின் எடை காலில் இறங்கி நிற்கும். அப்படியே வெகுநேரம் இருக்கலாம். கிரவுச்சில் உடம்பு பதுங்கியிருக்கும், பந்துக்குக் காத்திருக்கும் விக்கெட் கீப்பர் மாதிரி. சிட் டவுன், சிட் அப் இரண்டும் இன்னும் முக்கியம். நிற்பவரை உட்காரச் சொல்ல சிட் டவுன். படுத்திருப்பவரை எழுந்து உட்காரச் சொல்ல சிட் அப். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரிடம் சிட் அப் என்றால் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார்கள். தோளைத் தொங்கவிட்டுக் கூன் விழ உட்கார்ந்தால் ஸ்லவுச்; அதில் ஒரு குறை சொல்லும் தொனியும் இருக்கிறது. வேலை கொடுப்பவர் வாயிலிருந்து அது வந்தால் சும்மா வர்ணனை என்று விட்டுவிடக் கூடாது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

முதுநகர், கடலூர்:

அக்கா, எங்களுக்கு இது நேர்மாறாக நடந்தது. நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் லோடிங் பிரிவில் இருக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சிக்கு வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் வந்தார். "ஸ்டூப் வேண்டாம், ஸ்குவாட் செய்து தூக்குங்கள்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அசையவில்லை. கடைசியில் எங்கள் மேஸ்திரி எழுந்து, "இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு தூக்காத, குந்தி உக்காந்து பெட்டிய மார்போட அணைச்சு, கால் பலத்துல எந்திரி" என்றார். இப்போது புதுசாக வருபவர்களுக்கும் அதே வாசகத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். முதுகு தப்பிக்கிறது.

அதனால் ஸ்குவாட் நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. யாருடைய முழங்கால், எதற்காக என்பதைப் பொறுத்தது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

நான் ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். பிரான்சிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதிக்குப் பொங்கலன்று தரையில் இலை போட்டோம். அந்த அம்மா சம்மணம் போட முயன்றுகொண்டே கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கேட்டேன். பிரெஞ்சில் சம்மணத்துக்கு 'தையற்காரர் மாதிரி உட்காருவது' என்றுதான் சொல்வார்களாம். அந்தக் காலத்தில் ஐரோப்பிய தையற்காரர்கள் மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் தைத்தார்கள். ஆங்கிலத்திலும் டெய்லர் ஃபேஷன் என்று ஒரு வழக்கு உண்டு. தொடையில் குறுக்காக ஓடும் நீண்ட தசைக்கு சார்டோரியஸ் என்று பெயர். தையற்காரரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதெல்லாம் அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் ஓய்வுபெற்ற மருத்துவர்.

அமெரிக்கர்கள் சிலர் சம்மணத்தை 'இந்தியன் ஸ்டைல்' என்பார்கள். அது நம்மைச் சொன்னதில்லை, அந்த மண்ணின் பூர்வகுடி மக்களைச் சொன்னது. இப்போது அங்கே பள்ளிகளில் அந்தப் பேச்சைத் தவிர்க்கிறார்கள். நல்லதுதான். அந்த அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, மனை போட்டுக் கொடுத்தோம், வடை பாயசத்தோடு முழுதாகச் சாப்பிட்டார்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

நர்ஸாக இருக்கிறேன். மஞ்சக்குப்பம் அக்கா சொன்ன கிராஸ்-லெக்டு பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். தரையில் என்றால் அது சம்மணம். நாற்காலியில் என்றால் கால்மேல் கால். இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் 'டோன்ட் கிராஸ் யுவர் லெக்ஸ்' என்றால் இரண்டுமே கூடாது. நிறைய பேர் சம்மணத்தை மட்டும் விட்டுவிட்டு, கால்மேல் கால் போட்டு டிவி பார்க்கிறார்கள்.

பிரஷர் பார்க்கும்போதும் இது வரும். கால்மேல் கால் போட்டிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால்தான் காலை எடுக்கச் சொல்கிறோம், மரியாதைக்காக இல்லை. ஒரு பெரியவர் பதறி, "மன்னிச்சுக்கம்மா" என்று எழுந்தே நின்றுவிட்டார். "ஐயா, உக்காருங்க, ரெண்டு பாதமும் தரையில படட்டும், முதுகு நாற்காலியில சாயட்டும், கையை மேஜைமேல வைங்க" என்றேன். சற்று நேரம் பேசாமல் உட்காரவைத்துத்தான் பார்த்தேன்.