ரீட்மீயில் இருக்கிறது, நிரலில் இல்லை

பின்னிரவு_மெர்ஜ்

ஃபைல்களை பேக்கப் எடுக்கும் ஒரு சின்ன கமாண்ட் லைன் டூலை ஏழு வருடமாகப் பராமரித்து வருகிறேன். ஓய்வு நேர வேலைதான், சம்பளம் கிடையாது. நிரல் ஓரளவு ஒழுங்காக இருக்கும், டாக்குமெண்டேஷன் எப்போதும் அரைகுறை. அதனால் ஒரு நாள் இரவு "டாக்குமெண்டேஷன் மேம்பாடு" என்ற தலைப்பில் ஒரு புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் அனுப்புவது) வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 14 ஃபைல், 900 சொச்சம் வரி.

படித்தேன். இலக்கணம் சுத்தம். தலைப்பு, துணைத்தலைப்பு, அட்டவணை, "இந்த டூலை எப்போது பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு பகுதிகூட இருந்தது. நானே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இப்படி வந்திருக்காது. முதல் நான்கு பக்கங்களை வரிக்கு வரி நிரலோடு ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது. அப்புறம் தூக்கம் கண்ணைக் கட்டியது. மீதியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மெர்ஜ் செய்தேன், அதாவது அப்படியே சேர்த்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு இஷ்யூ (பயனர் புகார்) வந்தது. "--ரெஸ்யூம் கொடுத்தால் தெரியாத ஆப்ஷன் என்று எரர் காட்டுகிறது." என் டூலில் ரெஸ்யூம் என்று ஒன்று கிடையவே கிடையாது. தேடினால் ஒன்பதாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாதியில் நின்ற பேக்கப்பை விட்ட இடத்திலிருந்து தொடர இதைக் கொடுக்கவும், நெட்வொர்க் துண்டித்தால் மூன்று முறை தானே முயலும் என்று விளக்கம் வேறு. இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்!

பதறிப்போய் எல்லாப் பக்கங்களையும் மறுபடி படித்தேன். டைம்அவுட் விநாடிக் கணக்கு என்று எழுதியிருந்தது, நிரலில் அது மில்லிவிநாடி. பழைய பேக்கப் எதுவும் இல்லையென்றால் காலி லிஸ்ட் வரும் என்று எழுதியிருந்தது, உண்மையில் எக்செப்ஷன் (பிழை) வரும். எல்லாமே நியாயமான தப்புகள். இது மாதிரி டூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும், அதனாலேயே கண்ணில் படவில்லை. அபத்தமாக எழுதியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

அனுப்பியவரைக் கேட்டேன், பதில் இல்லை. அதே நாளில் அந்தக் கணக்கிலிருந்து இன்னும் 11 ரெப்போக்களுக்கு (புராஜெக்ட்களின் நிரல் இருக்கும் இடங்கள்) இதே தலைப்பில் போயிருந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செமிகோலன்_தேடி

நடந்திருக்கிறது. எனக்குப் பதில் வந்தது, அது இதைவிட மோசம்.

"இந்த எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று ஒரே வரிதான் கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் அரைப் பக்கப் பதில். கவனித்ததற்கு நன்றி, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, திருத்திவிட்டேன் என்று. நான் எங்கே சொன்னேன், கேட்கத்தானே செய்தேன்? போய்ப் பார்த்தால், ஒழுங்காக இருந்த எடுத்துக்காட்டை மாற்றித் தப்பாக்கி வைத்திருக்கிறார். மறுபடி கேட்டேன். மறுபடி நன்றி, மறுபடி வேறொரு மாற்றம். நான்காவது சுற்றில்தான் உறைத்தது. நான் எழுதுவதை எடுத்துப்போய் ஏஐ மெஷினிடம் கொடுத்து, அது தருவதைக் கொண்டுவந்து இங்கே போடுகிற தபால்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நானே நேராக மெஷினிடம் கேட்டிருப்பேனே, இவர் எதற்கு?

டீஷர்ட்_காலத்து_ஆள்

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டீஷர்ட். ரீட்மீயில் (புராஜெக்டின் அறிமுகப் பக்கம்) "அருமையான புராஜெக்ட்" என்று இரண்டு வார்த்தை சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். விருப்பம் தெரிவித்த ரெப்போக்களுக்கு அனுப்பியதுதான் கணக்கில் வரும் என்று மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்தக் குப்பையைப் பார்த்த மாத்திரத்தில் மூடிவிடலாம். இப்போது வருவது குப்பையா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது.

முதல்_கமிட்

நான் எதிர்ப்பக்கம். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஒரு லைப்ரரியை நிறுவ எனக்கு இரண்டு நாள் ஆனது. அது நம்பியிருந்த இன்னொரு பேக்கேஜின் பழைய வெர்ஷன்தான் சிக்கல், ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்தவராவது மாட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று படிப்படியாகக் குறித்து வைத்தேன். என் ஆங்கிலம் சுமார், அதனால் குறிப்பை ஏஐயிடம் கொடுத்து மொழியை மட்டும் திருத்தினேன். புதிய கன்டெய்னரில் (எதுவும் நிறுவாத தனிச் சூழலில்) ஒவ்வொரு படியையும் ஓட்டிப் பார்த்தேன். "மொழித் திருத்தத்துக்கு ஏஐ பயன்படுத்தினேன்" என்று புல் ரிக்வெஸ்டின் முதல் வரியிலேயே எழுதினேன். பத்து நிமிடத்தில் மூடிவிட்டார்கள். ஏஐ உதவியோடு எழுதியதை ஏற்பதில்லையாம். அப்படி விதி இருந்தது, நான் படிக்கவில்லை, சரி. ஆனால் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் உள்ளே போயிருக்கும். அடுத்த முறை எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

லைசென்ஸ்_வாசகர்

முதல்_கமிட், உங்கள் வருத்தம் நியாயம்தான். ஒரேயடியாக மறுப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் தடை போட்டபோது நிரலை மட்டும் சொல்லவில்லை, ஏஐ உதவியோடு உருவாக்கிய எந்த உள்ளடக்கமும் வேண்டாம் என்றது. பதிப்புரிமை, தரம், நெறி என்று மூன்று காரணங்கள் சொன்னது. அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அப்படி வரும் நிரலைக் கறைபட்டதாகவே கருதுவோம், மையக்குழு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தந்தால்தான் சேர்க்கலாம் என்றது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது கையொப்ப வரிதான். லினக்ஸ் கெர்னலில் 2004இல் வந்த வழக்கம் அது: "இதைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று அனுப்புகிறவர் தன் பெயரைப் போட்டு உறுதி தருகிறார். மெஷின் எதிலிருந்து எடுத்ததோ, எந்த லைசென்ஸில் இருந்ததோ, அதற்கு நீங்கள் எப்படி உறுதி தருவீர்கள்? 2025இல் க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டர் புராஜெக்ட் இதே காரணத்தைச் சொல்லித்தான் கதவை மூடியது. ஃபெடோரா லினக்ஸ் அதே வருடம் அக்டோபரில் வேறு வழியில் போனது. பயன்படுத்திக்கொள்ளுங்கள், வெளிப்படையாகச் சொல்லுங்கள், பொறுப்பு முழுக்க உங்களுடையது. உங்கள் பக்கத்தை அங்கே அனுப்பியிருந்தால் இப்படி முகத்திலடித்தாற்போல் மூடியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சொல்_பொறுக்கி

நான் ஆவணங்களை மொழிபெயர்ப்பவள். பழைய மெஷின் மொழிபெயர்ப்பு டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) பேய் ஆக்கும், சிரித்துவிட்டுத் திருத்துவோம். இப்போது வருவதில் சிரிக்க எதுவும் இல்லை. போன மாதம் ஒரு பக்கம் வந்தது. பிராஞ்ச் என்பது முதல் பத்தியில் "கிளை", மூன்றாவதில் "பிரிவு", கடைசியில் "பிரதி". ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் சரளம். புதிதாகப் படிக்கிறவர் மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயம் என்று நினைத்துக்கொள்வார்.

அதைக்கூடத் திருத்திவிடலாம். மூலத்தில் "இந்தக் கமாண்ட் தரவை நிரந்தரமாக அழித்துவிடும்" என்று ஒரே எச்சரிக்கை. மொழிபெயர்ப்பில் அதன் வாலாக "எனினும் 30 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளலாம்" என்று ஒட்டியிருந்தது. இந்த 30 நாள் எங்கிருந்து முளைத்தது? மூல மொழி தெரியாமல் அந்தப் பக்கத்தை நம்பி ஒருவர் என்டர் தட்டியிருந்தால்?

ஒற்றைவரி

தலைப்புக்குத் தலைப்பு ராக்கெட் பொம்மை இருந்தால் நான் படிக்காமலே மூடிவிடுகிறேன். அநியாயம்தான்.

பேக்கேஜ்_காவல்

நிறுவும் கட்டளை தப்பாக இருந்தால் ஆபத்து வேறு ரகம். ஏஐ மாடல்களைப் பகிரும் தளமான ஹக்கிங்ஃபேஸின் கமாண்ட் லைன் கருவி வேண்டுமென்றால் "பிப் இன்ஸ்டால் ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ" என்று ஏஐ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரில் பேக்கேஜே இல்லை. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அதைக் கவனித்து, அதே பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத பேக்கேஜ் ஒன்றைப் பைதான் பேக்கேஜ்கள் கிடைக்கும் பைபிஐயில் ஏற்றி வைத்தார். மூன்று மாதத்தில் 30,000 டவுன்லோடைத் தாண்டியது. ஒரு பெரிய நிறுவனத்தின் ரெப்போவில் ரீட்மீயிலேயே அந்த வரி இருந்தது. காலி பேக்கேஜாக இருந்ததால் பிழைத்தார்கள்.

அதைப் படித்ததிலிருந்து என் புராஜெக்ட் ஆவணங்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் சிஐயில் (மாற்றம் வரும்போதெல்லாம் தானே நடக்கும் சோதனை) ஓட விட்டிருக்கிறேன். பைதானில் டாக்டெஸ்ட் இருக்கிறது, ரஸ்ட் என்றால் கார்கோ டெஸ்ட்டே ஓட்டிவிடும். ஆனால் பின்னிரவு சொன்ன "மூன்று முறை தானே முயலும்" மாதிரி வாக்கியத்தை எந்த டெஸ்ட்டும் பிடிக்காது. அதற்கு ஒரு ஆள் நிரலைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

செமிகோலன்_தேடி

பின்னிரவு, பேசாமல் அந்த ரெஸ்யூமை எழுதிவிடுங்களேன். 2025 ஜூலையில் சவுண்ட்ஸ்லைஸ் என்ற இசைத் தளம் அதைத்தான் செய்தது. அங்கே போய் ஆஸ்கி டேபை (வெறும் எழுத்துகளால் எழுதிய கிட்டார் குறிப்பை) ஏற்றினால் வாசித்துக் காட்டும் என்று சாட்ஜிபிடி ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு வசதியே அப்போது கிடையாது. வந்தவர்கள் ஏமாந்து போவதைப் பார்த்துக் கடைசியில் நிஜமாகவே சேர்த்துவிட்டார்கள்.

பின்னிரவு_மெர்ஜ்

யோசிக்காமல் இல்லை. ஆனால் என் டூல் மொத்தத்தையும் ஒரே ஸ்ட்ரீமாகச் சுருக்கி என்கிரிப்ட் செய்கிறது. நடுவில் அறுந்தால் அறுந்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரெஸ்யூம் வேண்டுமென்றால் ஃபார்மட்டையே மாற்றணும். யாரோ ஓட்டிப் பார்க்காமல் எழுதிய ஒரு பத்திக்காக அதைச் செய்ய மனசு வரவில்லை.

முதல்_கமிட், என் ரெப்போவுக்கு வாருங்கள். ஏஐ பற்றி அங்கே நான் எதுவும் கேட்பதில்லை. எந்த ஓஎஸ்ஸில், எந்த வெர்ஷனில் ஓட்டினீர்கள், வந்த அவுட்புட்டை அப்படியே ஒட்டுங்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு வரியைக் கேட்க ஆரம்பித்த பிறகு வருகிற புல் ரிக்வெஸ்ட் பாதியாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். அந்த ஒன்பதாவது பக்கத்தை நீக்கி ஐந்து மாதம் ஆகிறது. நேற்று இன்னொரு இஷ்யூ, அதே --ரெஸ்யூம். பழைய வெர்ஷன் ஆவணம் எங்கேயோ தங்கியிருக்கிறது போல, எந்தப் பக்கத்தில் படித்தீர்கள், லிங்க் கொடுங்கள் என்று கேட்டேன். பக்கம் எதையும் படிக்கவில்லை, சாட்பாட்தான் சொன்னது என்றார்.