மின் கடத்தும் பிளாஸ்டிக்கும் உறையும் எண்ணெயும்: அந்த ஆய்வாளரைச் சந்தித்தவர்கள் பகிர்ந்தவை

கல்லடியிலிருந்து, உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியை:

வெளிநாட்டில் பொருள் விஞ்ஞானத் துறையில் ஆய்வு செய்யும் அவர் என்னிடம் படித்தவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, "டீச்சர், பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுக்கட்டுமா?" என்று அவரே கேட்டார். அவர் கொண்டுவந்தது பச்சை நிறம் ஏறிய ஒரு வடிதாள் துண்டு மட்டுமே. அதன்மேல் படிந்திருந்தது பொலிஅனிலீன் என்ற மின் கடத்தும் பிளாஸ்டிக். மல்டிமீட்டரின் முனைகளை அதில் வைத்தார். கிலோ ஓம் அளவில் தடை காட்டியது. பிறகு தாளை அமோனியாப் போத்தலின் வாய்க்கு மேலே பிடித்தார். பச்சை மெல்ல நீலமாயிற்று, தடையோ மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் போன்ற பல்பகுதியங்கள் மின்னைக் கடத்தாத காவலிகள் என்று மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமிலம் பொலிஅனிலீனின் மூலக்கூற்றுச் சங்கிலிக்குத் தந்திருந்த புரோத்தன்களை அமோனியா எடுத்துக்கொள்கிறது; அத்துடன் ஏற்றம் ஓடும் வழியும் அடைபடுகிறது. அமில ஆவி பட்டால் பச்சை திரும்பிவிடும்.

ஷிராகாவா, மக்டயமிட், ஹீகர் மூவரும் 1977இல் பொலிஅசற்றிலீன் என்ற பிளாஸ்டிக்கில் அயடீனைச் சேர்த்துக் கடத்துதிறனை ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்த்தியதையும், 2000இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றதையும் சொன்னார். ஆனால் என்னை ஆட்கொண்டது அதற்குப் பிறகு வந்த பகுதிதான். அவருடைய வேலை கடத்துதிறனைக் கூட்டுவது அல்ல, மின்புலத்தில் கெட்டியாகும் எண்ணெய்க்காக அதைக் குறைப்பது!

1940களில் அமெரிக்காவில் வில்லிஸ் வின்ஸ்லோ என்பவர், நுண்ணிய துகள்கள் கலந்த எண்ணெய்க்கு வலுவான மின்புலம் கொடுத்தால் அது மில்லிசெக்கன்களில் கெட்டியாகிவிடுவதைக் கண்டார். துகள்கள் முனைவாக்கம் பெற்று, அதாவது ஒரு பக்கம் நேரேற்றமும் மறுபக்கம் எதிரேற்றமும் கொண்டு, ஒரு மின்வாயிலிருந்து மற்றதற்குச் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. மின்புலத்தை நிறுத்தினால் மறுபடி திரவம். ஆனால் ஒரு மில்லிமீற்றருக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படும் இடத்தில், நன்றாகக் கடத்தும் துகளைப் போட்டால் சங்கிலி வழியாக மின்னோட்டம் கசியும், திரவம் சூடேறும், தீப்பொறியும் பறக்கும். அதனால்தான் பொலிஅனிலீனைக் காரத்தால் கழுவிக் கழுவிக் கடத்துதிறனைக் கீழே இறக்குகிறார்கள். பழைய கலவைகளில் இருந்த மாப்பொருளும் சிலிக்காவும் ஈரம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூட்டில் ஈரம் போனால் பயனும் போய்விடும். பொலிஅனிலீனுக்கு அந்த ஈரம் தேவையில்லை. இத்தனை ஆண்டுகள் பாடம் எடுத்தும் கடத்தி, காவலி என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

சம்மாந்துறையிலிருந்து, அரிசி ஆலை நடத்துபவர்:

அந்த ஆய்வாளரின் மாமா எங்களுக்கு நெல் தருபவர். மாமாவோடு ஆய்வாளரும் ஒருநாள் ஆலைக்கு வந்திருந்தார். எங்கள் சல்லடை இயந்திரம் நிதானமாக ஓடும்போது தொல்லை இல்லை. போடும்போதும் நிறுத்தும்போதும் தளமே உதறும். காரணத்தைக் கேட்டேன். இயந்திரத்துக்கும் அதைத் தாங்கும் றப்பருக்கும் சேர்ந்து ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு, வேகம் அதைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில்தான் ஆட்டம் பெருகும் என்றார். அந்த வேளையில் மட்டும் கெட்டியாகி, பிறகு இளகிவிடும் எண்ணெய் கொண்ட தணிப்பான், அதாவது அதிர்வை அடக்கும் கருவி, இருந்தால் நல்லது; எந்நேரமும் கெட்டியாக இருந்தால் ஓடும் அதிர்வையும் தளத்துக்குக் கடத்திவிடும்.

நான் உடனே விலை கேட்டேன். "காக்கா, உங்களுக்கு இப்போது அது வேண்டாம். முதலில் தேய்ந்த றப்பரை மாற்றுங்கள், சில்லின் சமநிலையைப் பாருங்கள்" என்றார். தன் துறைப் பொருளைப் பெரிதுபடுத்தாமல் எனக்கு எது போதும் என்று சொன்ன அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். றப்பரை மாற்றினோம், உதறல் நன்றாகக் குறைந்தது.

செங்கலடியிலிருந்து, இரசாயனவியல் மாணவி:

நான் அவரிடம் கேட்டது, இரும்புத் துகள் கலந்து காந்தத்தால் கெட்டியாகும் எண்ணெய் வகையைப் பற்றி. 1948இல் ஜேக்கப் ராபினோவ் தொடக்கிவைத்தது அது. மின்புல வகையைவிடப் பல மடங்கு வலிமையானது. சீனாவின் டொங்டிங் ஏரிப் பாலத்தில், காற்றிலும் மழையிலும் ஆடும் கம்பிவடங்களை அடக்க 2002இல் இந்த வகைத் தணிப்பான்களைப் பொருத்தியிருக்கிறார்கள். குறை என்னவென்றால், இரும்பின் அடர்த்தி எண்ணெயைப் போல எட்டு மடங்குக்கும் மேல், சும்மா வைத்தாலே அடியில் படிந்துவிடும். இரும்புத் துகளுக்குப் பொலிஅனிலீன் உறை போட்டால் துகளின் சராசரி அடர்த்தி குறைந்து படிவது தாமதமாகிறது. அவர் காட்டிய இரண்டு குழாய்களில் ஒன்றின் மேற்பகுதி தெளிந்திருந்தது, மற்றது இன்னும் கறுப்பாகவே இருந்தது. உறை தடித்தால் காந்த வலிமை குறையும் என்பதால் அதன் அளவைத் தீர்மானிப்பதுதான் சிரமமான வேலையாம்.

வீட்டிலேயே செய்துபார்க்கவும் ஒரு வழி சொன்னார். சோளமாவைச் சமையல் எண்ணெயில் பாலாடைப் பதத்துக்குக் கரைத்து, கரண்டியிலிருந்து மெல்லிய நூலாக ஒழுகவிட்டு, தலைமுடியில் தேய்த்த பலூனை அருகில் கொண்டுபோக வேண்டும். நூல் பலூன் பக்கம் வளைந்து, கெட்டித்து, ஒழுகாமல் நின்றுவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் செய்யுங்கள். மார்கழி மழையில் பலூனில் ஏற்றம் தங்காது.