‘அடுக்கிடைப் பரிமாற்றம்’ என்ற சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

வளிமண்டலத்தில் தரையை ஒட்டிய கீழடுக்குக்கும் (troposphere) அதற்கு மேலுள்ள மீளடுக்குக்கும் (stratosphere) இடையே வாயுக்கள் இடம் மாறுவதைக் குறிக்க ‘அடுக்கிடைப் பரிமாற்றம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. ‘அடுக்கிடை’ எனக்கு உடன்பாடே. இவ்விரு அடுக்குகளையும் முறையே மாறன் மண்டலம், படைமண்டலம் என வழங்கும் இலங்கையருக்கும் அது விளங்கும். ‘பரிமாற்றம்’தான் உறுத்துகிறது.

ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவதே பரிமாற்றம். காற்றின் மொத்த நிறையை மட்டும் கருதினால் இது பொருந்தும். ஆண்டுக் கணக்கில் ஏறிய அளவும் இறங்கிய அளவும் ஏறத்தாழச் சமன்படும். ஆனால் ஏறும் இடம் வேறு, இறங்கும் இடம் வேறு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு அடுக்குகளையும் பிரிக்கும் எல்லையைக் கடந்து மெல்ல ஏறும் காற்று, துருவங்களை நோக்கி நகர்ந்து, நடு அகலக்கோடுகளிலும் அவற்றுக்கு அப்பாலும் இறங்குகிறது. இங்கிலாந்துக்கு மேலே மீளடுக்கு மிக வறண்டிருந்ததைக் கொண்டே இயற்பியலாளர் ஆலன் புரூவர் 1949இல் இந்த வழியை உய்த்துணர்ந்தார். சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் குளிருள்ள அந்த எல்லையில் நீராவி உறைந்து உதிர்ந்துவிடுவதால்தான் மேலே செல்லும் காற்று உலர்ந்துபோகிறது.

வாயுக்களைத் தனித்தனியே பார்த்தால் கொடுக்கல் வாங்கல் என்பதே இல்லை. மேலே ஏறும் குளோரோபுளோரோகார்பன் புறஊதாக் கதிரால் சிதைகிறது. அதிலிருந்த குளோரின் வேறு சேர்மங்களாகத்தான் கீழே வருகிறது. ஓசோனோ பெரும்பாலும் மேலே பிறந்து, எல்லை மடிந்து நாக்குபோல் நீளும் இடங்களில் கீழடுக்குக்குள் நுழைகிறது.

ஆகவே காற்றுக்குப் ‘பரிமாற்றம்’ இருக்கட்டும். வாயுக்களுக்கு ‘அடுக்கிடைப் பெயர்ச்சி’ என்போம். குருப்பெயர்ச்சி நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். ஓரிடம் விட்டு இன்னோரிடம் சேர்வதுதான் அங்கும் பொருள் என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. திசையைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘மேற்பெயர்ச்சி’, ‘கீழ்ப்பெயர்ச்சி’ எனப் பிரித்துக்கொள்ளலாம்.

காற்றில் மிகச் சிறிதளவே உள்ள வாயுவைக் (trace gas) குறிக்கும் ‘சுவட்டு வாயு’ என்பதையும் கைவிடலாம். போனது விட்டுச்சென்ற அடையாளமே சுவடு. மீளடுக்கின் நீராவி பத்து லட்சத்தில் நான்கைந்து பங்குதான் என்றாலும், அது அங்கேயே இருக்கிறது. ‘நுண்ணளவு வாயு’ என்பதில் இந்தக் குழப்பம் இல்லை.

எல்லை மடிதலுக்கு ‘எல்லை மடிப்பு’ போதுமா, ‘மடிவு’ வேண்டுமா? மடிவு என்றால் இறப்பு என்றும் பொருள்படும் என்பதால் நான் மடிப்பின் பக்கம்.